கச்சேரி மேடையிலிருந்து பாப் பாட்டுக்கு: ஒரு பாடகியின் நான்கு ஆண்டுகள் (நிகழ்வு ஆய்வு)

முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்து, கச்சேரி செய்துகொண்டிருந்த ஒரு பாடகி, தனிப்பாடல்கள் வெளியிடும் பாப் பாடகியாக மாறிய நான்கு ஆண்டுகளின் பதிவு இது. நான் ஒலிப்பதிவுப் பொறியாளர். அவருடைய முதல் பாட்டுக்குக் குரல் பதிவு மட்டும் செய்தேன், இரண்டாம் ஆண்டிலிருந்து கூடவே இருக்கிறேன். அவர் முழுக்கப் படித்துப் பார்த்து "சரி, போடுங்க" என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன், ஆனால் சுருதி, ஸ்வரம், ஒப்பந்த வாசகம் ஆகியவற்றில் கை வைக்கவில்லை. மற்றவர்களுக்குப் பயன்படுகிற சங்கதி பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

இப்படி மாறுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "கமகத்தைக் குறைக்கணும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இவர் விஷயத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது, சின்னத் தலைவலிதான். பெரிய தலைவலி வேறு. கச்சேரியில் சுருதியை வைப்பது பாடகர், காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) பிடிப்பது பாடகர், எந்தக் கீர்த்தனை, எத்தனை நிமிடம், நிரவல் (ஒரு வரியையே பலவிதமாக விரித்துப் பாடுவது) எந்த வரியில், மிருதங்கத்துக்குத் தனி எப்போது விடுவது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் பாடகர்தான். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் இதில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. பிறகு அவருக்குக் குரல் கெட்டது, பாட்டில் பெயர் விட்டுப்போனது, உரிமை கைநழுவியது மூன்றும் இந்த ஒரு மாற்றத்தைப் பேசித் தீர்க்காமல் வேலையில் இறங்கியதால் வந்தவை என்பது என் கணிப்பு.

பின்னணி

பாடகிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏழு வயதில் ஆரம்பித்து ஒரே குருவிடம் படித்தவர். சுருதி, அதாவது பாடுகிற ஆதார ஷட்ஜத்தின் உயரம், ஐந்தரைக் கட்டை. டிசம்பர் சீசனில் மதிய நேரக் கச்சேரிகள் கிடைத்துக்கொண்டிருந்தன, ஒரு சபாவில் மாலை நேரத்துக்கு உயர்த்துவதாகப் பேச்சும் இருந்தது. மதியக் கச்சேரி என்றால் பெரும்பாலும் இலவச நுழைவு, சன்மானமும் பெயரளவுக்குத்தான். பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வயிற்றுப்பாட்டுக்கு ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் பேசியும் பாடியும் காட்டுகிற வேலை என்பதால் குரல் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும், பின்னால் இது வருகிறது.

மேடையிலிருந்து வெகுஜன இசைக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. 1930களில் தமிழ்ப் பேசும்படத்தின் பெரிய நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர் கர்நாடக சங்கீதம் கற்றவர். எம்.எஸ். சுப்புலட்சுமி படங்களில் நடித்துப் பாடிவிட்டு 1940களின் கடைசியில் அதை விட்டுவிட்டு முழுக்கக் கச்சேரிக்கே வந்துவிட்டார். கே.ஜே. யேசுதாஸ் இரண்டையும் சேர்த்தே நடத்திவந்தார். ஆனால் இவர்கள் போனது சினிமாவுக்கு, அங்கே இசையமைப்பாளர், வாத்தியக் குழு என்று பழகிய ஒரு ஏற்பாடு இருந்தது. நம் பாடகி போனது தனிப்பாட்டு உலகத்துக்கு. ஒரு லேப்டாப், ஒரு தயாரிப்பாளர், ஒரு மைக். யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த வழக்கம் எதுவும் கிடையாது.

முதல் பாட்டு

தயாரிப்பாளர் இவருடைய ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். ட்ராக் ஏற்கெனவே தயாராக இருந்தது. கிட்டார் வாசித்துப் பதிவாகிவிட்டது, தாளம் போட்டாகிவிட்டது, மெட்டும் வேறொரு பாடகியின் குரலில் மாதிரியாகப் பாடி வைக்கப்பட்டிருந்தது. பாடகி செய்ய வேண்டியது வந்து பாடிவிட்டுப் போவது மட்டும்.

அங்கேயே முதல் சிக்கல் தொடங்கியது. மாதிரி பாடியவருக்கு உச்சத்தில் மெல்லிய குரல், சரணத்தைத் தாண்டி வருகிற ஹூக் (மனதில் ஒட்டும்படி திரும்பத் திரும்ப வரும் பகுதி) முழுக்க மேலே. அதை நம் பாடகியின் ஐந்தரைக் கட்டையில் வைத்துப் பார்த்தால் தாரஸ்தாயி பஞ்சமத்தில் (மேல் ஸ்தாயி 'ப') நின்று, இரண்டு இடத்தில் தைவதத்துக்குத் தாவுகிறது. கச்சேரிக்காரர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். தாரஸ்தாயி பஞ்சமம் என்பது கச்சேரியில், சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையின் உச்சியில் தொட்டுவிட்டு இறங்குகிற இடம், சபையே நிமிர்ந்து உட்காரும். அதைத் தொடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் குரலை ஏற்றிக்கொண்டு வருவார்கள். இங்கே எடுத்த எடுப்பில் அங்கே போய் நிற்க வேண்டும், ஒரு ஹூக்குக்கு நான்கு முறை, பாட்டில் மூன்று ஹூக், அதன் பிறகு டேக் மேல் டேக். அந்த இடத்தில் நிற்கும்போது குரல்நாண்கள் நொடிக்கு 620 முறைக்கு மேல் மோதுகின்றன.

சுருதியை இறக்கலாமா என்று பாடகி கேட்டார். "மேடம், இறக்கினா பாட்டோட ஃபீல் போயிடும்" என்று பதில் வந்தது. ஃபீல் ஒரு காரணம்தான், உண்மையான காரணம் கிட்டார். பதிவான கிட்டாரை மென்பொருளில் மூன்று அரைஸ்வரம் (கீபோர்டில் அடுத்தடுத்த மூன்று விசை) இறக்கினால் சத்தம் கெட்டுவிடும், மறுபடி வாசிக்க வைத்தால் செலவு. இது எனக்கும் தெரியும், தயாரிப்பாளருக்கும் தெரியும், பாடகிக்கு மட்டும் தெரியாது. அவர் "பாப் என்றால் இப்படித்தான் மேலே பாடணும் போல" என்று எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அன்றைக்கே நடந்தது. மைக் அளவு சரிபார்க்கும்போது ஏதாவது பாடுங்கள் என்றதும் அவர் சிந்துபைரவி ராகத்தில் சும்மா ஒரு சின்ன ஆலாபனைத் துண்டு பாடினார். தயாரிப்பாளர் அதை வெட்டி, சுழல விட்டு, பாட்டின் தொடக்கத்திலும் ஹூக்குக்கு நடுவிலும் வைத்துவிட்டார். பாட்டு வெளியான பிறகு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது அந்தத் துண்டுதான்.

பதிவில் கவனித்தவை

அவருடைய பாட்டில் எங்கே இடித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பல பேர் தவறான மருந்து கொடுக்கிறார்கள்.

தாளத்தில் பிரச்சினையே இல்லை. க்ளிக்கோடு (காதில் ஒலிக்கும் தாள டிக்-டிக்) பாடுவது கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் தாளத்தில் ஒன்றரை இடம் தள்ளிப் பாட்டை எடுத்துப் பழகியவருக்கு நான்கு அடித் தாளம் எந்த மூலைக்கு. சில வரிகளைக் கொஞ்சம் பின்தங்கிப் பாடச் சொன்னபோது அதையும் உடனே பிடித்தார்.

காந்தாரத்தில், அதாவது 'க' ஸ்வரத்தில், இடித்தது. தம்பூராவோடு சேரும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 386 சென்ட் தூரத்தில் இருக்கும் (ஒரு அரைஸ்வரம் 100 சென்ட்). கீபோர்டில் அதே ஸ்வரம் 400 சென்ட். இருபது வருடம் தம்பூராவோடு காதைப் பழக்கியவர் சரியான இடத்தில் பாடுகிறார், திரையில் மெலோடைன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் அதைச் சுருதி குறைவு என்று காட்டுகிறது. தயாரிப்பாளரின் உதவியாளர் எல்லாக் காந்தாரத்தையும் மேலே இழுத்துவிட்டார். கேட்டால் என்னமோ மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. பாடகிக்கு அன்று வந்த சந்தேகம் தன் சுருதி சுத்தத்தைப் பற்றியே. சுருதி சேரவில்லை என்பதைவிடப் பெரிய அவமானம் இந்தத் துறையில் கிடையாது, அதை ஒரு மென்பொருள் சொன்னதும் அவர் ஒடுங்கிப்போனார்.

அடுத்தது டபுள் ட்ராக். பாப்பில் ஒரே வரியை இரண்டு மூன்று முறை அச்சு மாறாமல் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், குரல் பருமனாகக் கேட்கும். இவருக்கு ஒரு வரி இரண்டாவது முறை வந்தால் சங்கதி (அதே வரியின் மாற்று வடிவம்) போட வேண்டும், மூன்றாவது முறை இன்னொன்று. அது கிட்டத்தட்ட இருபது வருடப் பயிற்சி. "அதே மாதிரி இன்னொரு தடவை" என்று கேட்டால் உண்மையாகவே அதே மாதிரிதான் பாடுவதாக நினைத்துக்கொண்டு பாடுவார், வைத்துப் பார்த்தால் நெளிவு இடம் மாறியிருக்கும். கடைசிவரை இது சரியாகவே இல்லை.

பொய்க்குரல் விஷயம்தான் ஆழமானது. கள்ளக்குரலில் பாடுவது கர்நாடக சங்கீதப் பாடத்தில் குற்றம் மாதிரி, உச்ச ஸ்தாயியையும் நிறைந்த குரலில்தான் எட்ட வேண்டும். பாப்பில் மேலே போகப் போகக் குரலை மெலிதாக்கி, காற்றைக் கலந்து, வேண்டுமென்றே தலைக்குரலுக்கு மாறுவது ஒரு அழகு. மாதிரி பாடியவர் அப்படித்தான் பாடியிருந்தார். நம்மவர் அதே ஸ்வரங்களை நெஞ்சுக்குரலில் முட்டிப் பாடினார். ஒரே மெட்டுதான், ஆனால் இரண்டு பேருடைய தொண்டைக்கும் அது ஒரே வேலை இல்லை.

"கர்நாடிக் வாடை வேண்டாம்" என்று தயாரிப்பாளர் அடிக்கடி சொன்னார். எந்த வாடை, எந்த எழுத்தில், எந்த ஸ்வரத்தில் என்று ஒருமுறைகூடக் குறிப்பாகச் சொல்லவில்லை. விளைவு, பாடகி எல்லாவற்றையும் பொதுவாகக் குறைத்தார்: உச்சரிப்பின் அழுத்தம் போனது, மூச்சு போனது, பிடிப்பு போனது. அவர் குரலில் விற்கக்கூடியதாக இருந்ததே அந்தப் பிடிப்புதான்.

குரல் கம்மிய கட்டம்

முதல் பாட்டு ஓரளவு நன்றாகவே ஓடியது. உடனே இரண்டாவது, மூன்றாவது பாட்டு, நடுவில் இரண்டு கல்லூரி நிகழ்ச்சிகள். இது நடந்தது அக்டோபர், நவம்பரில். பகலில் ஆன்லைன் வகுப்பு, மாலையில் சீசனுக்கான ஒத்திகை, இரவு பத்து மணிக்கு மேல் பதிவு. தயாரிப்பாளர்கள் இரவில்தான் விழித்துக்கொள்கிறார்கள், இதற்கு யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை.

நவம்பர் பாதியில், காலையில் 'ஆ' என்று ஸ்வரங்களைப் பாடிப் பழகும் அகார சாதகத்தில் தாரஸ்தாயி ரிஷபத்துக்கு மேல் குரல் காற்றாக வருகிறது என்றார். பேசும்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் மெதுவாகப் பாடும்போது மட்டும் நடுவில் குரல் விட்டுவிட்டு வந்தது, சத்தமாகப் பாடினால் வந்துவிடும். அதனால் சத்தமாகவே பாடினார். இந்த அறிகுறியைப் பாடகர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: மெதுவாகப் பாட முடியாமல் போவது, முழுக் குரல் போவதற்கு வெகு முன்பே வருகிறது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், குரல்நாண்கள் அதிர்வதைப் படமெடுக்கும் ஸ்ட்ரோபோஸ்கோபி எடுத்தபோது இரண்டு குரல்நாண்களிலும், முன் மூன்றில் ஒரு பங்கும் பின் மூன்றில் இரண்டு பங்கும் சேரும் இடத்தில் எதிரெதிரே வீக்கம் தெரிந்தது. நாண்கள் மிக வேகமாக மோதுகிற இடம் அது, முடிச்சுகள் வருவதும் அங்கேதான். இன்னும் கெட்டியாகவில்லை, இப்போதே நிறுத்தினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய அவசியமே வராது என்றார் மருத்துவர்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

சீசனை விடுவதா, பாட்டுகளை விடுவதா என்பதுதான் முதல் கேள்வி. பாடகியின் அம்மாவுக்கு மாலை நேரக் கச்சேரியை விட மனசில்லை. இதைத் தீர்த்துவைத்தது குரு. அவரிடம் பாப் விஷயத்தை அதுவரை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. பாடகி போய் நின்று, "டீச்சர், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்ததும் அவர் பாட்டைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. பாடிக் காட்டச் சொன்னார், மத்யமஸ்தாயி மட்டும், மெதுவாக. கேட்டுவிட்டு, "இந்த சீசன் வேண்டாம்மா. சபாவுக்கு நானே பேசுறேன்" என்றார். இரண்டையும் நிறுத்துவது என்று முடிவாயிற்று. ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றதில் போய் அதே குரலைத்தான் செலவழிப்பார், பாதி ஓய்வு என்று ஒன்று கிடையாது என்பது மருத்துவரின் வாதமும்கூட.

முதல் சில நாட்கள் பேச்சுக் குறைப்பு, பிறகு குரல் சிகிச்சையாளரிடம் வாராவாரம். ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் வைத்து ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே ஸ்வரம் வழுக்கிப்போகிற பயிற்சி, பேச்சின் சுருதியைச் சரிசெய்வது, இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளுவது இப்படி. ஆன்லைன் வகுப்பைப் பாதியாகக் குறைத்தார், வருமானம் அடிவாங்கியது. மார்ச் கடைசியில் எடுத்த ஸ்ட்ரோபோஸ்கோபியில் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது.

இந்த இடைவெளியில்தான் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இனிமே இதை எப்படிச் செய்யலாம், உட்கார்ந்து பேசலாமா" என்றார். பேசி எடுத்த முடிவுகளில் முக்கியமானது சுருதியைப் பற்றியது. ட்ராக் தயாரான பிறகு பாடகி வருவது நிறுத்தப்பட்டது. முதலில் பாடகி, தம்பூரா, ஒரு கிட்டார். மெட்டைப் பல சுருதிகளில் பாடிப் பார்த்து, பாட்டின் உச்ச ஸ்வரத்தை ஒரு நாளில் இருபது முறை சிரமமில்லாமல் பாட முடிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே ஏற்பாட்டைத் தொடங்குவது. அப்படிப் பார்த்ததில் புதிய பாட்டுகளின் உச்சம் முதல் பாட்டின் ஹூக்கைவிட மூன்று அரைஸ்வரம் கீழே வந்து நின்றது.

பொய்க்குரலைக் கற்றுக்கொள்வது அடுத்த முடிவு. இதற்குத் தனியாக ஒரு குரல் ஆசிரியர், கச்சேரி சாதகத்திலிருந்து பிரித்து வேறு நேரத்தில். குருவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். குரு போட்ட நிபந்தனை ஒன்றுதான், காலை சாதகத்தில் அது எட்டிப்பார்க்கக் கூடாது.

காந்தாரத்துக்கு நாங்கள் எடுத்த வழி எனக்குப் பிடித்த பகுதி. ஹெட்போனில் தம்பூராவைச் சன்னமாகக் கலந்து கொடுத்தோம். அதோடு அவர் காந்தாரத்தில் நிற்கிற இடங்களில் கீபோர்டிலும் கிட்டாரிலும் காந்தாரமே வராமல் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசிக்கும்படி கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றினோம். மோதுவதற்கு எதிரே இன்னொரு காந்தாரம் இல்லையென்றால் அவருடையது இனிமையாகத்தானே இருக்கும். மென்பொருளில் சுருதி திருத்துவது கமகம் இல்லாத நேரான எழுத்துகளில் மட்டும், அதுவும் கையால். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூன் வேகமாக வேலைசெய்தால் கம்பிதம் என்ற கமக அசைவைப் படிக்கட்டாக்கிவிடும், சிலர் அந்தச் சத்தத்துக்காகவே அதைப் போடுகிறார்கள். இங்கே அது வேண்டாம் என்று முடிவு.

டபுள் ட்ராக்கைக் கைவிட்டோம். அவரைத் திருத்துவதற்கு ஆகும் நேரத்தில் வேறொரு பாடகியை வைத்துக் கீழ் ஸ்தாயியில் நீளமான ஸ்வரங்களைப் பாட வைத்து அடியில் பரப்பிவிடலாம், அதுவே போதுமான பருமனைத் தந்தது.

ஒப்பந்தமும் அந்த ஆலாபனைத் துண்டும்

முதல் பாட்டுக்கு அவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றரைப் பக்கம். ஒரே தவணையில் ஒரு தொகை, பதிலுக்குப் பதிவின் எல்லா உரிமைகளும் "உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக" தயாரிப்பாளருக்கு. பதிப்புரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் நம் சட்டமே எடுத்துக்கொள்ளும். இங்கே இரண்டையும் பளிச்சென்று எழுதியிருந்ததால் அந்தக் கதவு மூடிவிட்டது.

பாடகருக்கு எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம், நிகழ்த்துகலைஞரின் நிகழ்த்துதல் வணிகத்துக்குப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டுகள். வசூலிப்பதற்காகப் பாடகர்கள் சேர்ந்து 2013-இல் இஸ்ரா என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். நம் பாடகி இதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கச்சேரி உலகத்தில் ராயல்டி என்ற பேச்சு காதில் விழுகிற சந்தர்ப்பமே குறைவு, கவரில் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு வருவதுதான் பழக்கம்.

ஆனால் அவருக்கு வலித்தது பணம் இல்லை, அந்த சிந்துபைரவித் துண்டு. பாட்டின் விவரங்களில் இசை என்ற இடத்தில் தயாரிப்பாளர் பெயர் மட்டுமே இருந்தது. அவரைக் கேட்டால், "ராகம் பொதுச் சொத்து, அவங்க பாடினாங்க, நான்தான் அதைப் பாட்டாக்கினேன்" என்பார். இதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சிந்துபைரவியில் அந்தப் பிடியை நூறு பேர் பாடியிருப்பார்கள். ஆனால் அந்த நெளிவு, அந்த இடத்தில் நிறுத்தி விட்ட மூச்சு, அது அவருடைய மனோதர்மம், அந்த நேரத்துக் கற்பனை. கச்சேரியில் மனோதர்மம் பாடகருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, அதை யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போவதும் இல்லை, பாடிய நிமிடத்தோடு போய்விடும். ஸ்டூடியோவில் அது பதிவாகிறது, சுழல்கிறது, ஒரு பொருளாக மாறிவிடுகிறது. மாறிய பிறகு யாருடையது என்று கேட்பதற்குள் தாளில் கையெழுத்து விழுந்துவிட்டது.

வழக்குக்குப் போவதில்லை என்று தீர்மானித்தார். ஆகிற செலவுக்கும் கிடைக்கக்கூடிய தொகைக்கும் பொருத்தமே இல்லை, சின்ன வட்டம், நாளைக்கு அதே ஆட்களோடுதான் வேலை செய்ய வேண்டும். நேரில் பேசியதில் பாட்டின் விவரங்களில் "குரல் மெட்டு: இவர்" என்று ஒரு வரி சேர்ந்தது, பணம் சேரவில்லை. அடுத்த பாட்டுகளிலிருந்து, அன்றைய பதிவு முடிந்து ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, மெட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது வழக்கமாயிற்று. மைக் சரிபார்க்கும்போது பாடியதும் அதில் அடங்கும் என்று ஒரு வரி உண்டு, சிரிக்கிறார்கள், ஆனால் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பின்னர் நடந்தவை

இரண்டாம் ஆண்டில் நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளிவந்தது, உரிமை பாடகியிடமே. அதில் முதலில் வெளியிட்ட பாட்டு படுத்துவிட்டது. ஒரு வருடம் கமகத்தை அடக்கி வைத்திருந்த கோபமோ என்னமோ, மூன்று நிமிடப் பாட்டில் அரை ராகத்தையே இறக்கிவிட்டார். கச்சேரி ரசிகர்களுக்கு அது நீர்த்துப்போன சங்கீதம், மற்றவர்களுக்குப் பாடம் மாதிரி. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்காகும். இந்தப் பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டவே திணறியது.

மூன்றாவது பாட்டுதான் நின்றது. அதில் கமகம் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லில் மட்டும், மற்றதெல்லாம் பேசுகிற மாதிரி, மைக்குக்கு மிக அருகில். இவ்வளவு கிட்டே பாடும்போது கீழ் ஒலிகள் தானாகவே தடித்துக் கேட்கும், ஒரு திசை மைக்குகளின் குணம் அது. கச்சேரியில் அவர் மந்த்ரஸ்தாயிக்கு (கீழ் ஸ்தாயிக்கு) அதிகம் போனதில்லை, கடைசி வரிசைக்குக் கேட்காது. இங்கே அவருடைய மந்த்ர பஞ்சமம்தான் பாட்டின் முகமே. இருபது வருடமாக அவருக்குள்ளேயே இருந்த குரல், யாரும் கேட்டதில்லை.

கச்சேரிப் பக்கம் இழப்பு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ரத்து செய்த ஆண்டுக்குப் பிறகு அந்த மாலை நேரம் திரும்பவே வரவில்லை. மறுபடி மதியம், அதுவும் ஒரே ஒரு சபாவில். "அந்தப் பொண்ணு இப்ப லைட் மியூசிக் பக்கம் போயிட்டா" என்ற பேச்சு பரவியிருந்தது. சுருதியை ஐந்து கட்டையாக இறக்கிக்கொண்டார், அதற்கும் ஒரு பேச்சு. மூன்றாம் ஆண்டு சீசனில் கச்சேரியைக் கேட்ட குரு, குரல் முன்பைவிட நிதானமாக இருக்கிறது என்று சொன்னாராம். அது ஐந்து கட்டையினாலா, குரல் சிகிச்சையினாலா, மெதுவாகப் பாடப் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மேடை நிகழ்ச்சிகளில் ஒரு விஷயத்தை யாருமே எதிர்பார்க்கவில்லை. குரலை அதிகம் தேய்த்தது பாட்டு இல்லை, நிகழ்ச்சி முடிந்து அந்த இரைச்சலுக்கு நடுவே பத்துப் பேரோடு நின்று பேசுவதுதான். சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். இப்போது பாடி முடித்ததும் நேராக வண்டிக்குப் போய்விடுகிறார். திமிர் என்று ஒரு பெயர் வந்திருக்கிறது, பரவாயில்லை என்கிறார்.

மறுபடி செய்வதாக இருந்தால்

ட்ராக் வந்த பிறகு பாடகரைக் கூப்பிடும் வேலைக்கு, எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும், சுருதியை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் போகக் கூடாது. முடியாது என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான், அந்தப் பாட்டு வேறு யாருடைய குரலுக்கோ எழுதப்பட்டது. சினிமா ட்ராக் பாடப் போகிறவர்களுக்கு இந்தப் பேரம் பேசும் வசதி கிடையாது என்பதும் தெரியும், அவர்கள் குறைந்தபட்சம் டேக்குகளின் எண்ணிக்கைக்காவது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரோபோஸ்கோபியை, குரல் நன்றாக இருக்கும்போதே, மாறுவதற்கு முன்னால் ஒருமுறை எடுத்து வைத்திருக்கலாம். இவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் எதுவும் இல்லாததால், வீக்கத்தில் எவ்வளவு புதியது, எவ்வளவு பல வருட வகுப்புகளால் வந்தது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை.

குருவிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து, பாடகி இதில் என்னோடு உடன்படவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், குரல் கெட்டுப் போய் நின்றதால்தான் கேட்டுக்கொண்டார் என்கிறார். இருக்கலாம்.

நாட்காட்டி விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நவம்பரும் டிசம்பரும் கச்சேரிக்கு மட்டும், அந்த இரண்டு மாதம் எந்தப் பதிவும் கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் வருடம் முழுவதுமே கிடையாது. இதனால் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின.

முதல் பாட்டு இன்றும் அவருடைய பாட்டுகளிலேயே அதிகம் கேட்கப்படுவது. மேடையில் அதைப் பாடச் சொல்லி எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். மூன்று அரைஸ்வரம் இறக்கி, கிட்டாரைப் புதிதாக வாசித்துப் பாடுகிறார், பாட்டு சப்பென்று இருக்கிறது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இறக்கிய சுருதியில் புதிதாகப் பதிவு செய்து தன் பெயரில் வெளியிடத் தயாரிப்பாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.